கறுப்புக்கு ஒரு கட்டம்

என் செல்ல வாலுக்கு, உன் சித்தப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் கல்லுப்போல இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகக் காலுறை போட்டு, கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாள் முழுக்க ஊரார் மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தீட்டுகிறவள் சொந்தக் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்றால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். போன வாரம் நீ போனில் கேட்டபோது உன் சித்தி, இங்க என்ன விசேஷம், மழை பெஞ்சுது, நின்னுது, அவ்வளவுதான் என்றாளே, அது பச்சைப் பொய். விசேஷம் இருக்கிறது. நம் குடும்பத்தில் இதுவரை நடக்காத விசேஷம். அதை நானே போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் எட்டாம் வகுப்பை மட்டும் மற்ற பையன்களைவிட ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தவன், ஆகவே எங்காவது எழுத்துப்பிழை இருந்தால் பேனாவைக் கோபித்துக்கொள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் அடக்கிவைக்க என்னால் ஆகாது. உன் சித்தி ஜெயித்துவிட்டாள். நம் சலவைக்கூடத்து செஸ் அணியில், நீ ஆடிய அதே இரண்டாவது பலகையில் உட்கார்ந்து, கறுப்புக் காய் பிடித்து, ரொட்டித் தொழிற்சாலை மின்னலைத் தோற்கடித்துவிட்டாள். மின்னலை மறந்திருக்க மாட்டாய், பெரிய அடுப்பில் நிற்கிறவன், காய் பலகையில் உட்காரும் முன்பே கடிகாரத்தைத் தட்டுகிறவன், உன்னையே ஒருமுறை கண் கலங்க வைத்து அனுப்பியவன். அவன்தான். அவன் ராஜாவை உன் சித்தி படுக்கவைத்தாள். மண்டபத்தில் ஆயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், உன் சித்தி துணி மடித்துக்கொண்டே, ஆயிரமா, நாற்காலியே முப்பதுதானே இருந்துச்சு, அதுலயும் பாதியில மாவு மூட்டை உக்காந்திருந்துச்சு என்கிறாள். நான் அந்த ஆயிரத்தை அடிக்கப்போவதில்லை. கை தட்டிய சத்தம் ஆயிரம் பேருக்குச் சமம், அதுதான் கணக்கு.

எதற்கு அவள் போய் உட்கார்ந்தாள் என்று நீ கேட்பாய். நீ ஊருக்குப் போன பிறகு இரண்டாவது பலகைக்கு ஆள் இல்லை. நாலு பேர் அணியில் ஒரு நாற்காலி காலி என்றால் ஆடாமலே ஒரு புள்ளி போச்சு, அப்படியே ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்று வந்தோம். மேலாளர் ஒருநாள் இறங்கி வந்து, இந்தத் தடவையும் கடைசி இடம்தான்னா அணியைக் கலைச்சிடலாம், நீங்க ஆடுற மாடி அறை சோப்புத் தூள் மூட்டைக்கு ஆகும், கீழ ஈரம் தாங்கல என்று சொல்லிவிட்டார். அவர்மேலும் தப்பில்லை, மூட்டைகள் நிஜமாகவே கட்டிதட்டிக் கிடக்கின்றன. எனக்கு அறை போவதில் பெரிய வருத்தம் இல்லை, படி ஏறுவது மிச்சம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நம் பாய்லர்காரர் இருக்கிறாரே, அணித்தலைவர், அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அண்ணே, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா, வேலை முடிஞ்சதும் அக்கா தினமும் மாடிக்கு வர்றாங்க, ஜன்னலோரம் பாப்பா உக்காருற நாற்காலிக்கு எதிர்ல உக்காந்து காயை அடுக்கி ரெண்டு பக்கமும் அவங்களே ஆடுறாங்க என்றார். நான் இத்தனை நாளாக அவள் மடிப்புப் பிரிவில் கூடுதல் நேரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் முதலில் பேச்சை மாற்றினாள். அப்புறம், வீட்டுக்கு வந்தா அவ கட்டில்தான் முன்னால நிக்குது, அங்க போனா அவ ஆடுற மாதிரியாவது இருக்கு, வெள்ளையை அவளுக்கு வெச்சிடுவேன் என்றாள். அண்ணனும் அண்ணியும் காலமாகி நீ எங்களிடம் வந்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இது வேணும் என்று ஒன்றைக்கூடக் கேட்காதவள், ஏங்க, எனக்கு அந்த ஜன்னல் வேணும், அந்த நாற்காலியில நான் உக்காரட்டுமா என்று கேட்டாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்.

இப்போது நான் ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும், நீ பொறுமையாகப் படிக்க வேண்டும். உன் சித்திக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தது நான் என்பது ஊருக்கே தெரியும், தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பஞ்சர் கடைக்காரர், மகா மேதை, அவர் ஆட்டத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருவார்கள், குறைந்தபட்சம் பஞ்சர் ஆனவர்கள் வருவார்கள். என் வேனின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒட்டு காய்கிற நேரத்தில் காய் ஒவ்வொன்றும் எப்படி நடக்கும் என்று சொல்லித் தந்தார். வெள்ளை முதலில் கிளம்பும், சிப்பாய் ஆரம்பத்தில் இரண்டு கட்டம் போகலாம், கறுப்பு முதல் நகர்த்தலில் ஒரு கட்டம் என்று அவர் ஆரம்பித்த இடத்தில் என் சக்கரம் தயாராகிவிட்டது, நான் கிளம்பிவிட்டேன். ஒரு கட்டம் வைப்பதும் உண்டு என்று அவர் முடிக்க இருந்தாரோ, வைத்தால் நல்லது என்று முடிக்க இருந்தாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். நான் கேட்ட வரைக்கும் கேட்டபடியே, கறுப்புக்கு முதல் நகர்த்தல் ஒரு கட்டம்தான், அதுதான் சட்டம், முதலில் கிளம்பியவருக்குக் காட்டும் மரியாதை என்று உன் சித்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். பின்னால் நான் அணியில் சேர்ந்தபோது கறுப்பும் தாராளமாக இரண்டு கட்டம் வைப்பதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். வாத்தியார் என்றால் பாடத்தை அடிக்கடி மாற்றக் கூடாது, மாணவிக்குக் குழப்பம் வரும். அவளுக்கும் கறுப்புதான் பிடிக்கும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெள்ளை விரிப்புல கறை தேடுறேன், ஆட்டத்துலயாவது கறை தெரியாத நிறம் இருக்கட்டும் என்பாள். அதனால் வீட்டில் வெள்ளை எப்போதும் எனக்கோ உனக்கோதான் வந்தது. நான் கறுப்பு ஆடி அவள் பார்த்ததே இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன, ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

போட்டி நாளன்று சலவை மூட்டையையெல்லாம் இறக்கிவிட்டு வேனைப் பளபளவென்று கழுவி அணியை ஏற்றிக்கொண்டு போனேன். உன் சித்தி முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி. பின்னால் பாய்லர்காரரும், கறை எடுக்கும் பிரிவுத் தம்பியும். அந்தத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அதிலிருந்து போனைக் காதிலிருந்து எடுப்பதே இல்லை. பாதி வழியில் பாய்லர்காரர் அன்பாக, அக்கா, பயப்படாதீங்க, கறுப்பு வந்தா ராஜாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளிடுங்க, நேருக்கு நேர் நின்னுடலாம் என்று ஆரம்பித்தார். உன் சித்தி சிரித்துவிட்டு, போங்கண்ணே, முதல் நகர்த்தல்லயே ரெண்டு கட்டம் வெச்சா நடுவர் வெளிய அனுப்பிட மாட்டாங்களா என்றாள். பாய்லர்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் எதிரில் ஒரு சைக்கிள்கூட இல்லாத சாலையில் ஹாரனை நீளமாக அடித்தேன். ரொட்டித் தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய், அண்ணே, என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க, சொல்லிடலாம்ணே என்றார். நான் யோசித்தேன். இப்போது போய் நீ படித்த சட்டமே சட்டம் இல்லை என்று சொன்னால் எந்தக் காயைத் தொட்டாலும் இது சரியா தப்பா என்று தோன்றும், ஜன்னல் போய்விடும். வாயைத் திறக்காதே, ஆட்டம் முடியட்டும், பழி என்மேல் என்றேன். அவர், பழி உங்கமேலதான்ணே, அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மண்டபம் என்பது அவர்கள் மாவுக் கிடங்கை ஒட்டிய நீள அறை. நாலு மேசை, எல்லாவற்றின்மேலும் மெல்லிசாக மாவு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பின் வெப்பம், ரொட்டி வாசனையில் எனக்கு அங்கேயே பசி. நடுவராக வந்தவர் அவர்கள் எடைப்பிரிவு அம்மா, ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் விடாத ஆள். குலுக்கலில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் வெள்ளை, இரண்டுக்கும் நாலுக்கும் கறுப்பு வந்தது. நாலு என்றால் நான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தால் உன் சித்தியின் பலகை தெரிகிறது, அவள் திரும்பினால் என் பலகை தெரியும். நான் இரண்டு கட்டம் வைத்தால் அவள் பார்ப்பாள். ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் கறுப்பில் ஒரு கட்டம் வைத்தேன். பழக்கமில்லாத ஆட்டம், காய்களெல்லாம் நெரிசலான பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன, நான் யாரைவிடவும் சீக்கிரமாகத் தோற்றேன். அதைத் தோல்வி என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே, அது தியாகம். ஆட்டம் தொடங்கும் முன்பே உன் சித்தியின் மேசையில் மின்னல் கையைச் சொடுக்கிக்கொண்டு, என்னக்கா, விரிப்பு மடிக்க ஆள் இல்லாம உங்களை அனுப்பிட்டாங்களா, இல்ல ஆட ஆள் இல்லையா என்று சிரித்தான். உன் சித்தி, மடிக்கத்தான் தம்பி வந்தேன் என்றாள். அவ்வளவுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. அவன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் எறிந்தான். அவள் தன் ராஜாவின் சிப்பாயைப் பதவிசாக ஒரே ஒரு கட்டம் வைத்தாள். அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடுத்ததாக அவன் ராணியின் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினான், அவளும் தன் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி அவனுடைய முதல் சிப்பாயை முட்டவிட்டாள். முதல் நகர்த்தல்தானே மரியாதை, அதற்குப் பிறகு என்ன மரியாதை. அவன் குதிரையைக் கொண்டுவந்தான், அவளும் கொண்டுவந்தாள். அவன் சிப்பாயைத் தள்ளி அவள் குதிரையை விரட்டினான், அது அலட்டிக்கொள்ளாமல் பின்னால் போய் நின்றது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர் தன் பக்கத்து ஆளிடம், அந்தம்மா பிரெஞ்சுத் தற்காப்பு ஆடுது, கறுப்பு ஒரு கட்டத்துல தொடங்குற அந்தக் காலத்து முறை, அப்படியே அச்சு மாதிரி என்று முணுமுணுத்தார். நான் உடனே அவரிடம் திரும்பி, நான்தான் பயிற்சியாளர் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து பலகையை எட்டிப் பார்த்தேன். மின்னலின் சிப்பாய்கள் மதில்சுவர்போல நடுவில் நின்றன, பின்னால் அவன் பட்டாளம் முழுவதும் கைகால் நீட்ட இடத்தோடு நின்றது. உன் சித்தியின் ஆட்கள் ஒண்டுக்குடித்தனம்போல ஒடுங்கிக் கிடந்தார்கள், அதிலும் ராணி பக்கத்து மந்திரி இருக்கிறானே, முதல் நகர்த்தலில் ஒரு கட்டம் வைத்த அந்தச் சிப்பாயே அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் என் சட்டத்தின் புண்ணியம். எனக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்தான், மாவு. எடைப்பிரிவு அம்மா நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் வந்தது. அவர் எழுந்து வந்து, ஐயா, ஆடி முடிச்சாச்சு இல்ல, இருமுறதை வெளிய போய் இருமுங்க என்று கதவைத் திறந்துவிட்டார். ஆகவே மிச்ச ஆட்டத்தைக் கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன், பலகை தெரியாது, உன் சித்தியின் முதுகும் எதிரே மின்னலும் மட்டும் தெரியும். ஆனால் அவன் முகம் போதும், அதில் ஆட்டம் முழுவதும் ஓடியது. முதலில் அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு காலை ஆட்டினான். அதற்குள் பாய்லர்காரர் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னாலேயே கறை எடுக்கும் தம்பி வந்தான், ராணியைப் பறிகொடுத்ததுகூடத் தெரியாமல் போன் பேசப் போயிருந்தானாம். ஒன்று ஜெயித்து இரண்டு தோற்றாகிவிட்டது. மொத்தத்தில் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தாலே நாங்கள் கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே, அறை தப்பும், ஆனால் அதற்கு உன் சித்தி ஜெயித்தாக வேண்டும், சமநிலைகூட உதவாது. அவளுக்கும் அது தெரியும், தம்பி எழுந்து போனதை அவள் பார்த்தாள். முதுகு அசையவில்லை.

இனி நடந்ததை அவள் சொல்லியும் பாய்லர்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியும் எழுதுகிறேன், ஆகவே இதில் என் கைச்சரக்கு குறைவு. மின்னல் ராணியை வாரிக்கொண்டு பலகையின் ஓரத்துக்கு வந்து அவள் ராஜாவுக்கு எதிரே நிறுத்தினான், துணைக்கு இன்னும் ஒரு காய் வந்துவிட்டால் தீர்ந்தது கதை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உன் சித்தி அதற்குமுன்பே ஒரு சிப்பாயைக் கொடுத்து வாங்கி ராஜாவுக்கு முன்னால் ஒரு சந்து திறந்துவைத்திருந்தாள், அதை யாரும் கவனிக்கவில்லை. அவள், ஆரம்பத்திலிருந்து அடைந்து கிடந்தானே அந்த மந்திரி, வாசலைவிட்டு ஒரு கட்டம் மட்டும் வெளியே வந்து நின்றவன், அவனை எடுத்து இன்னும் ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள், அதுவும் பின்பக்கமாக. பாய்லர்காரர், ஐயோ அக்கா பின்வாங்குறாங்களே என்று உதட்டைக் கடித்தாராம். மின்னல் அடுத்த காயை எடுக்கக் கையை ஓங்கினான், கை அந்தரத்திலேயே நின்றது. திறந்துகிடந்த சந்து வழியாக அந்த மந்திரி குறுக்கே அவன் ராணியைக் குறிவைத்துக்கொண்டிருந்தான். ராணி ஓட வேண்டியதாயிற்று. ராணி ஓடியதும் மந்திரி தெருவுக்கு வந்துவிட்டான், அத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த ஆத்திரம் முழுவதையும் அவன் மேசையில் காட்டினான். நடு மதில் பொலபொலவென்று உதிர்ந்தது. இது எப்படித் தெரிந்தது உனக்கு என்று பின்னால் கேட்டேன். பெரிய விரிப்பை ரெண்டு பேர் ரெண்டு மூலையில ரொம்ப இழுத்துப் பிடிச்சா நடுவுல தொய்யும்ங்க, அந்தத் தம்பி எல்லாத்தையும் ஓரத்துக்கு இழுத்துட்டார், நடு தொய்யுற வரைக்கும் காத்திருந்தேன் என்றாள். அதன்பிறகு ராணிக்கு முன்னால் நின்றிருந்த அவள் சிப்பாய் நடக்க ஆரம்பித்தது. ஒரு கட்டம். அவன் யோசித்தான். இன்னொரு கட்டம். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அவன் கால் ஆடுவது நின்றுவிட்டது. அது ராணியாக மாற இன்னும் ஒரு கட்டம் இருக்கும்போது மின்னல் தன் ராஜாவை இரண்டு விரலால் எடுத்து மெதுவாகப் படுக்கவைத்தான். அவன் ஒரு காயை மெதுவாக வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன், கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது என்பது மூக்கில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அவன் நல்ல பிள்ளை, அதை நான் சொல்லியாக வேண்டும். எழுந்து நின்று கையைக் கொடுத்து, அக்கா, நான் அடுப்பையும் பாத்திருக்கேன், அனலையும் பாத்திருக்கேன், இப்படிக் கொஞ்சங்கொஞ்சமா வெந்தது இல்ல, இந்தப் பிரெஞ்சுத் தற்காப்பை எங்க கத்துக்கிட்டீங்க என்று கேட்டான். உன் சித்தி, பிரெஞ்சா, அதெல்லாம் தெரியாது தம்பி, கறுப்பு முதல்ல ஒரு கட்டம்தானே வைக்கணும், சட்டப்படி வெச்சேன் என்றாள். எடைப்பிரிவு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எந்தச் சட்டம்மா, யார் சொன்னது என்றார். உன் சித்தி அவர் முகத்தைப் பார்த்தாள், மின்னலின் முகத்தைப் பார்த்தாள், பாய்லர்காரர் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன், நல்ல விசிறி, மூன்று இறக்கை. எல்லாரும் மாடியில ரெண்டு கட்டம் வைக்கிறதைப் பாத்திருக்கேனே, இடைவேளை ஆட்டம், நேரம் இல்லாம தாண்டுறாங்கன்னுல்ல நெனச்சேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாய்லர்காரருக்கு அதற்குமேல் அழுத்தம் தாங்கவில்லை, சிரிப்பு வெடித்துவிட்டது, அதோடு மொத்த மண்டபமும் சிரித்தது, எடைப்பிரிவு அம்மாகூட ஒரு சிட்டிகை கூடுதலாகவே சிரித்தார். மின்னல் என் தோளைத் தட்டி, அண்ணே, எங்க அணிக்கும் ஒரு தப்புச் சட்டம் சொல்லிக்கொடுங்க என்றான். உன் சித்தி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். பின்சீட்டுக்காரர்களை அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டேன், இறங்கும்போது பாய்லர்காரர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தைரியமா இருங்கண்ணே என்றார். ஜெயித்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார் பார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. நானே ஆரம்பித்தேன், இது ஒரு பயிற்சி முறை, உலகத்தில் பெரிய பயிற்சியாளர்கள் ரகசியமாக வைத்திருக்கிற முறை என்று. அவள் நேரே பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷம் ஒரு கால்ல செருப்புப் போட்டு நடக்க விட்டிருக்கீங்க என்றாள். அப்புறம், ரெண்டு கால்லயும் போட்டிருந்தா இந்நேரம் எங்க போயிருப்பேன் என்றாள். நான் ஸ்டியரிங்கில் இல்லாத தூசியைத் துடைத்தேன். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் கிளப்பவில்லை. அப்போது அவள், அவன் கை அந்தரத்துல நின்னுச்சே, பாத்தீங்களா என்றாள். பார்த்தேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, சரி அழுகிறாள் என்று பயந்து திரும்பினால் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் சிரித்தாள். வீட்டு வாசல் வரைக்கும் சிரித்தாள். எனக்கு அந்த ஆயிரம் பேர் கைதட்டியது பெரிதில்லை வாலு, வேனுக்குள்ளே கேட்ட அந்தச் சத்தம் இருக்கிறதே, நீ போன பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

அறை தப்பியது. மேலாளர் மூட்டைகளுக்குக் கொட்டகை போடுவதாகச் சொல்லிவிட்டார், ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க அவரே ஆள் அனுப்பினார். நான் அறைக் கதவில் சித்தியின் படம் மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அவள் கூடாது என்கிறாள், பேச்சுவார்த்தை நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பலகையை விரித்தோம். நான் வழக்கம்போல வெள்ளைப் பக்கம் உட்காரப் போனேன், அவள் பலகையைச் சுற்றித் திருப்பிவிட்டு, இனிமே உங்களுக்குக் கறுப்பு, முதல் நகர்த்தல் ஒரு கட்டம்தான், அதுதான் சட்டம் என்றாள். வாத்தியார் தன் சட்டத்தைத் தானே மீறலாமா, மீறவில்லை. மூன்று ஆட்டத்திலும் தியாகம் செய்தேன். அவளுக்கு இப்போது கறுப்பில் இரண்டு கட்டமும் வைக்கலாம் என்று தெரியும், ஆனாலும் அடுத்த போட்டிக்கு என்ன வைக்கப்போகிறீர்கள் என்று பாய்லர்காரர் கேட்டதற்கு, ரெண்டு வைக்கலாம்னு தெரிஞ்சு ஒண்ணு வைக்கிறது வேற ஆட்டம்ணே, அதை ஆடிப் பாக்கணும் என்றாளாம். நான் அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க எல்லாரிடமும் அது நான் சொன்ன வசனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். விடுமுறைக்கு நீ வரும்போது உன் இரண்டாவது பலகை காத்திருக்கும் என்று எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதாதீங்க, அது இப்ப என் பலகை, அவ வந்தா மூணுல உக்காரட்டும், இல்லேன்னா என்னை ஜெயிச்சு வாங்கிக்கட்டும் என்கிறாள். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே. உன் கட்டிலின்மேல் இப்போது பலகை இருக்கிறது, அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

ஒரு முக்கியமான நினைவூட்டல், காலுறையை மறந்தாலும் மற, இதை மறக்காதே. அன்றிலிருந்து உன் சித்தி விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அவ அணியில ஆடினவ, அவளுக்குத் தெரியாம இருக்குமா, எங்கிட்ட ஏன் சொல்லல, கேட்டு எழுதுங்க என்கிறாள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், மாடியில் அவளோடு ஆடும்போது நீ ஒவ்வொரு தடவையும் வெள்ளையை எடுத்துக்கொண்டதும், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியதும் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் யோசித்து எழுது. தெரியாது என்று எழுதினால் பழி முழுவதும் என்மேல் வரும், தெரியும் என்று எழுதினால் பாதி உன்மேல் வரும். பெற்றவனைப்போல வளர்த்தவன் சொல்கிறேன், பாதியை வாங்கிக்கொள். எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து உட்கார், யாராவது உன்னை ஒடுக்கினால் நடு தொய்யும் வரைக்கும் காத்திரு, உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. சித்தி கேட்கச் சொன்னாள், அங்கே செஸ் ஆட ஆள் கிடைத்ததா, கிடைத்தால் கறுப்பை எடுத்துக்கொள்.

இப்படிக்கு, இரண்டாவது பலகைக்காரியின் கணவன்,
உன் சித்தப்பா.